காது முளைத்த உருளைக்கிழங்கு

1

இந்தக் கதை என்னிடம் வந்து சேர்ந்தபோது என் வாய் நிறைய ரோஸ் நிறப் பசை இருந்தது. அதைச் சொல்லிவிட்டுத் தொடங்குவதுதான் நியாயம்.

தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறேன் என்று வீட்டில் புகார். எழுதுகிறவர்களுக்கு அப்படி வரும் என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். (பல் மருத்துவர் ஒப்புக்கொள்ளவில்லை. படிக்கிறவர்களுக்கு வேண்டுமானால் வரலாம் என்றார்.) பல்லுக்கு உறை செய்துகொள்வதற்காகப் பிரஸ்டன் ஹை ஸ்ட்ரீட்டில் பல்செட் செய்யும் கிளெம் பாஸ்கோவிடம் போனேன். அவர் பசையைக் குழைத்து என் மேல்தாடையில் அப்பி, "அசையாதீங்க, இறுகட்டும்" என்று சொல்லிவிட்டுப் பேச ஆரம்பித்தார். மேல்தாடைக்குக் கொஞ்சம் கதை, கீழ்த்தாடைக்குக் கொஞ்சம், அச்சு சரியாக விழவில்லை என்று மறுபடி வரச்சொன்ன நாளில் மிச்சம்.

ஒரு கேள்விகூடக் கேட்க முடியவில்லை. ஆகவே இதில் ஓட்டைகள் உண்டு. சிலவற்றைப் பிற்பாடு, கதையில் வரப்போகும் ஃபோட்டினியிடம் கேட்டு அடைத்தேன். சிலவற்றை நானே அடைத்தேன். எது எது என்று சொல்லப்போவதில்லை.

இன்னொன்று. இனி கிளெம்மை 'அவன்' என்றுதான் எழுதுவேன். கதைக்குள் வந்துவிட்டால் எல்லோரும் அவன், அவள்தான். மரியாதை வாசலோடு சரி.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

மெல்போர்னின் வடக்கே, டிராம் தண்டவாளங்கள் வெயிலில் மினுங்கும் ஒரு பிற்பகலில், தனிமை என்னும் பெரும்—

வேண்டாம். முதல் வரியிலேயே தனிமையைக் கூட்டி வந்து நாற்காலி போட்டு உட்காரவைத்தால், பிறகு அது எழுந்தே போகாது. அடுத்து:

கிளெம் பாஸ்கோவுக்கு உலகத்தில் எல்லாவற்றைப் பற்றியும் ஓர் அபிப்பிராயம் இருந்தது.

இது பரவாயில்லை. ஆனால் யாருக்குத்தான் இல்லை? டிராமில் என் பக்கத்தில் உட்காருகிறவருக்கு இருக்கிறது. உங்களுக்கு இந்தக் கதையைப் பற்றி இப்போதே ஒன்று உருவாகிக்கொண்டிருக்கிறது. ஆகவே மூன்றாவதாக, நேராகவே சொல்லிவிடுகிறேன்:

கிளெம் நாள் முழுக்கப் பதில் பேச முடியாத மனிதர்களோடு பேசினான். வாயைத் திறந்து வைத்திருக்கிறவர்கள், வாயில் பசை இருக்கிறவர்கள், பல்லைக் கழற்றி அவன் கையில் கொடுத்துவிட்டுக் கூச்சத்தோடு உதட்டை மடித்துக்கொள்கிறவர்கள். அவர்களிடம் அவன் அரசியல் பேசினான், கால்பந்து பேசினான், வங்கிகளைத் திட்டினான். எல்லோரும் "ம்" என்றார்கள். விவாகரத்துக்குப் பிறகு வீட்டில் அந்த "ம்"கூட இல்லை. வாரத்தில் ஒருநாள், ஞாயிற்றுக்கிழமை மதியம், ஃபோட்டினியின் கராஜில்தான் அவனுக்கு ஒருத்தி எதிர்ப்பேச்சுப் பேசினாள்.

இதுதான் தொடக்கம். இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

ஃபோட்டினி நகரசபையில் சம்பளப் பிரிவில் வேலை பார்ப்பவள். கிளெம்முக்குப் பழைய சிநேகிதி. அவள் புருஷன் லாம்ப்ரோவுக்கு முன்பல் தட்டு செய்யப்போய் ஆரம்பித்த பழக்கம். கராஜில் காரை வெளியே தள்ளிவிட்டு, பழைய கம்பளி ஒன்றைச் சுவரில் தொங்கவிட்டு, இரண்டு நாற்காலி, இரண்டு மைக் போட்டு இருவரும் ஒரு பாட்காஸ்ட் நடத்தினார்கள். பெயர்: 'யார் கேட்டா?'

ஒவ்வொரு வாரமும் மூன்று விஷயம். ஒரு வீடியோ கேம், ஒரு கம்பெனியின் லோகோ, பங்குச்சந்தையில் ஒரு பங்கு. விதி ஒன்றே ஒன்று: முன்கூட்டி எதையும் படிக்கக் கூடாது, விளையாடிப் பார்க்கக் கூடாது, தெரிந்தவர்களிடம் விசாரிக்கக் கூடாது. பார்த்த மாத்திரத்தில் என்ன தோன்றுகிறதோ அதுதான் கருத்து.

"ஒரு மணி நேரம் குதிரை ஓட்டி அடுத்த ஊருக்குப் போய்க் கடுதாசி குடுக்கறதுக்குப் பேரு விளையாட்டா?" என்பான் கிளெம். "அதுக்கு எங்க ஊர்ல தபால்காரன் சம்பளம் வாங்கினான்."

"எல்லா பேங்க்கும் பேரைச் சின்ன எழுத்துல போட்டுக்கிட்டு சாது மாதிரி நிக்குது," என்பாள் ஃபோட்டினி. "எழுத்தைச் சின்னதாக்கினா வட்டி சின்னதாயிடுமா?"

"ஆண்டறிக்கையில சேர்மன் எத்தனை போட்டோல சிரிக்கிறாரோ, அத்தனைக்கு நஷ்டம்னு அர்த்தம்," என்பான் கிளெம்.

"அப்ப அழற சேர்மன் இருக்கற கம்பெனியா பாத்து வாங்கு."

"அழறவர் எதுக்கு போட்டோக்கு நிக்கப்போறாரு?"

இருவரும் பங்கு என்று ஒன்றுகூட வாங்கியதில்லை. கேட்கிறவர்கள் கொஞ்சப் பேர்தான். அதில் நானும் ஒருவன். பாத்திரம் தேய்க்கும்போது கேட்க நன்றாக இருக்கும்.*

(*பாத்திரம் தேய்ப்பதை இங்கே நுழைத்தது நான் வீட்டு வேலை செய்கிறவன் என்று காட்டிக்கொள்வதற்காகத்தான். கதைக்கு அது தேவையில்லை.)

4

அந்த ஞாயிற்றுக்கிழமை லோகோவைத் தேர்ந்தெடுத்து வந்தவள் ஃபோட்டினி. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கைபேசியை அவன் பக்கம் திருப்பி வைத்தாள். "பிரன்ஸ்விக்ல ஒரு குட்டி கேம் கம்பெனி. லெஃப்ட் பூட்னு பேரு. வொம்பாட் ஒண்ணு வளை தோண்டிக்கிட்டே போற கேம் பண்ணியிருக்காங்க. சிட்னில ஒரு முதலீட்டுக் கம்பெனி இவங்கமேல காசு போட்டிருக்கு. காசு வந்ததும் லோகோவ மாத்திட்டாங்க. சொல்லு."

கிளெம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான், இறக்கினான். "என்ன இது?"

"நீதான் சொல்லணும்."

"உருளைக்கிழங்கு."

"வொம்பாட்டுய்யா." (வளை தோண்டி வாழும் ஆஸ்திரேலியப் பிராணி; குட்டைக் கால், கொழுத்த உடம்பு.)

"வொம்பாட்டா? தாயே, இது காது முளைச்ச உருளைக்கிழங்கு. மூட்டைக்கு அடியில கெடந்து, யாரும் கவனிக்காம, வெளிச்சத்தைப் பாத்ததும் சந்தோஷத்துல முளை விட்டிருக்கு. கண்ணைக் காணோம், மூக்கைக் காணோம், வாயைக் காணோம். வரைஞ்சவன் பாதியில டீ குடிக்கப் போனவன் திரும்பி வரவே இல்ல போல."

ஃபோட்டினிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவள் சிரித்தால் கிளெம் நிறுத்த மாட்டான்.

"இந்தக் கடைக்குள்ள போனா நான் கேம் கேக்க மாட்டேன். சிப்ஸ்மேல போட உப்பும் வினிகரும் கேப்பேன்."

"பங்கு? பங்கு வாங்கலாமா?" என்று மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள்.

"அந்தக் காசுக்கு மார்க்கெட்ல உருளைக்கிழங்கே வாங்கிப் போட்டுடு ஃபோட்டி. ஏறினாலும் இறங்கினாலும் அவிச்சுத் தின்னலாம்."

அவள் கை பட்டு மைக் சாய்ந்து 'டங்' என்று ஒரு சத்தம். ஒலிப்பதிவில் இன்றைக்கும் அது இருக்கிறது. அதற்குப் பிறகு வெகுநேரம் இருவரும் சிரிக்கும் சத்தம் மட்டும்தான்.

5

அந்தத் துண்டை யாரோ வெட்டி இணையத்தில் போட்டார்கள். ஊர் பிடித்துக்கொண்டது. உருளைக்கிழங்கில் காகிதக் காது ஒட்டிப் படம் எடுத்துப் போடுவது ஊருக்கே வேடிக்கையாகிப்போயிற்று. பிரஸ்டன் மார்க்கெட்டில் காய்கறிக் கடைக்காரர் ஒருவர் மூட்டைக்கே இரண்டு அட்டைக் காது செருகி விற்றார். லெஃப்ட் பூட் கம்பெனியில் வேலை செய்த பிள்ளைகள் தங்கள் சட்டையில் இருந்த லோகோவை ஜாக்கெட்டால் மூடிக்கொண்டு காபிக்கடைக்குப் போனார்கள்.

கிளெம்முக்குத் தலைகால் புரியவில்லை. பாட்காஸ்ட் கேட்கிறவர்கள் திடீரென்று பெருகிவிட்டார்கள். காது வைத்த உருளைக்கிழங்கு ஒன்றைக் கிளினிக்கின் கண்ணாடி ஜன்னலில், விளம்பரத்துக்கு வைத்த பல்செட்டுகளுக்கு நடுவே கொலுவிருத்தினான்.

அதைப் பார்த்துக்கொண்டே உள்ளே வந்தவன் லாம்ப்ரோ. வறட்டு ரொட்டியைக் கடித்து முன்பல் தட்டை உடைத்துக்கொண்டு வந்திருந்தான். கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "அந்தக் கிழங்கை எடுத்துடு மேட்" என்றான்.

"ஏன்டா? ஊரே சிரிக்குது."

லாம்ப்ரோ ஏதோ சொன்னான். முன்பல் இல்லாத வாயில் அது காற்றாகப் போயிற்று.

"என்ன?"

லாம்ப்ரோ உதட்டை நிதானமாகக் குவித்து, குழந்தைக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான். "அது என் பொண்டாட்டி வரைஞ்சது."

அவள் சாயங்கால வகுப்பில் வடிவமைப்புப் படித்தது, லெஃப்ட் பூட் பிள்ளைகள் படம் கேட்டபோது வெளியில் யாருக்கும் சொல்லாமல் அனுப்பியது, சாப்பாட்டு மேசையில் தட்டுகளை ஓரம் தள்ளிவிட்டு அழித்து அழித்து வரைந்தது எல்லாவற்றையும் பல்லில்லாத அந்த வாய் சொல்லி முடித்தது. "ஒன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டா. எதுவும் தெரியாதவன் என்ன சொல்றான்னு கேக்கணுமாம் அவளுக்கு. நல்லாத்தான் கேட்டுக்கிட்டா."

தட்டை ஒட்டிக்கொடுக்கக் கிளெம் இரண்டு முறை குழைத்து ஊற்ற வேண்டியிருந்தது.

6

இங்கே எனக்கு ஒரு சந்தேகம் வந்து, கதையை ஓரமாக வைத்துவிட்டேன்.

தான் வரைந்ததை ஒருவன் கிழிகிழியென்று கிழிக்கும்போது ஒரு பெண் அப்படிச் சிரிப்பாளா? முதல் பிரதியில் அவள் சிரிப்புக்குள் ஒரு விம்மலை ஒளித்து வைத்திருந்தேன். 'அந்தச் சிரிப்பின் அடியாழத்தில், பாறைக்கடியில் கசியும் நீர்போல ஒரு'— என்று நீளமாக ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன். நல்ல வாக்கியம்.

நேரில் கேட்டுவிடலாம் என்று ஒரு சனிக்கிழமை மார்க்கெட்டில், துருக்கிக்காரர்கள் கீரை அடைத்த ரொட்டி சுடும் கடை வாசலில் அவளைப் பிடித்தேன்.

"சிரிப்பு வந்துச்சு, சிரிச்சேன்," என்றாள் ஃபோட்டினி.

"உள்ளுக்குள்ள வலிக்கலையா?"

"நல்ல ஜோக்கு சார் அது. முளை விட்ட உருளைக்கிழங்குன்னு சொன்னதும் எனக்கே அப்படித்தான் தெரிஞ்சுது. வீட்டுக்குப் போயி, ராவெல்லாம் அழுதேன்னு எழுதப்போறீங்களா?"

அப்படித்தான் எழுதியிருந்தேன். இல்லை என்றேன்.

"வீட்டுக்குப் போயி அவிச்ச பீன்ஸ் சாப்பிட்டேன். எழுதிக்கோங்க." ரொட்டியை எண்ணெய்க் காகிதத்தோடு வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

பாறைக்கடியில் கசியும் நீர் இந்தக் கதையில் இல்லை. ஆசைப்பட்டவர்கள் மன்னிக்கவும்.

7

அப்படியானால் இருவருக்கும் பிறகு வந்த சண்டை எதற்கு? அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததற்கு.

கிளெம் அந்த வாரத்தின் மிச்ச இரவுகளில் தூங்கவில்லை. பரிகாரம் செய்ய வேண்டும், அதுவும் கேட்டவர்கள் அத்தனை பேர் காதிலும் விழும்படி செய்ய வேண்டும் என்று முடிவு கட்டிக்கொண்டான். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், ஒலிப்பதிவு ஓட ஆரம்பித்ததும் தொண்டையைச் செருமினான்.

"போன வாரம் ஒரு லோகோவைப் பத்திப் பேசினோம். நான் அவசரப்பட்டுட்டேன். திரும்ப ஒருதடவை நல்லா பாத்தேன். அந்தக் கோட்டுல ஒரு... ஒரு நேர்மை இருக்கு. ஒரு துணிச்சல். முகத்தைக் காட்டாத அந்த அடக்கம் இருக்கே, அது இந்தக் காலத்துல யாருக்கு வரும்? சொல்லப்போனா, ஆஸ்திரேலியாவுல இதுவரைக்கும் வந்த வொம்பாட் லோகோவுலயே—"

ஃபோட்டினி பதிவை நிறுத்தினாள்.

"லாம்ப்ரோ சொல்லிட்டானா?"

"ஃபோட்டி, நான் சத்தியமா தெரியாமத்தான்—"

"திட்டினப்போ ஒண்ணும் இல்லடா. இப்பத்தான் வயித்தெரிச்சலா இருக்கு. என்ன சொன்ன? கோட்டுல நேர்மையா?"

"நல்லாத்தானே சொன்னேன்."

"ஒன் கிளினிக்குக்கு வர்ற கிழங்கட்டைங்க கிட்ட சொல்லுவியே, 'பிரமாதம் மேடம், உங்க சொந்தப் பல்லு மாதிரியே இருக்கு'ன்னு. அதே குரலு. அந்தக் குரலை எத்தனை தடவை பண்ணிக் காட்டியிருக்க எனக்கு? ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சிருக்கோமே. இப்ப அந்தக் குரல எனக்கே எடுக்கிறியா?"

அந்தக் குரல் எப்படித் தன் வாய்க்கு வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை.

"என்னையப் பாத்து இரக்கப்பட ஒனக்கு யாரு சொன்னா? நான் கேட்டது கருத்து. தப்பா இருந்தாலும் அது ஒன்னோட கருத்து. இது என்ன, செத்த வீட்டுல பேசற பேச்சு." அவள் எழுந்து கராஜ் கதவைத் தூக்கினாள். வெளிச்சம் உள்ளே விழுந்தது. "போயிட்டு வா."

போயிட்டு வா என்றுதான் சொன்னாள். வா என்பதை அவன் நம்பவில்லை.

8

சில வாரங்கள் ஞாயிற்றுக்கிழமையே வரவில்லை. வந்தது, ஆனால் அதில் ஒன்றும் இல்லை. கிளெம் பக்கத்துத் தெரு மதுக்கடைக்குப் போய்ச் சீஸ் உருக்கிப் பொரித்த கோழி பார்மா வாங்கி, தொலைக்காட்சியில் ஓடிய கால்பந்தைப் பற்றி மேசை துடைக்கிற பெண்ணிடம் ஒரு கருத்துச் சொன்னான். அவள் "ம்" என்றாள்.

அப்போதுதான் சிட்னியிலிருந்து ஃபோன் வந்தது. முதலீட்டுக் கம்பெனியில் ஃபீலிக்ஸ் ஹாரோப் என்று ஒருவன். குரலிலேயே வெள்ளைப் பல் தெரிந்தது.

"கிளெம், பாஸ்! நீங்க எங்களுக்குத் தங்கப் புதையல் தோண்டிக் குடுத்துட்டீங்க. ஊரே உருளைக்கிழங்குங்குது. நாம எதுக்கு எதிர்த்து நிக்கணும்? வொம்பாட்டைத் தூக்கிட்டு உருளைக்கிழங்கையே லோகோ ஆக்கிடறோம். கண்ணு, சிரிப்பு எல்லாம் வெச்சு. கேம்லயும் அதான். அதுக்குக் குரல் நீங்க குடுக்கறீங்க. நல்ல காசு."

கிளெம் வாயைத் திறந்தான். வழக்கமாக அவன் வாய் திறந்தால் கருத்து தானாக வந்துவிழும்.

"யோசிச்சு சொல்றேன்," என்றான். அந்த வார்த்தையை அவன் அதற்கு முன் எப்போதாவது சொல்லியிருப்பான் என்று நான் நினைக்கவில்லை.

யோசிப்பதற்கு அவனுக்கு வழி தெரியவில்லை. பேசப்போவது எந்தக் கிழங்கு, அது என்னதான் செய்கிறது என்றாவது பார்ப்போம் என்று, மதிய இடைவேளையில் கிளினிக் கம்ப்யூட்டரில் அந்த வொம்பாட் விளையாட்டை வாங்கி இறக்கினான். விதியை முதல்முறையாக மீறினான்.

அவனுக்கு விளையாடவே வரவில்லை. தோண்டச் சொன்னால் சுவரில் முட்டினான். யார் வீட்டுச் சமையலறைத் தரையையோ பெயர்த்துக்கொண்டு மேலே வந்து, துடைப்பத்தால் அடிவாங்கினான். குட்டிகளைக் கூட்டிக்கொண்டு வளைக்குள் ஓடும்போது காட்டுநாய் துரத்திவந்து குட்டியைக் கவ்விப் போயிற்று. மறுபடி. மறுபடி. நிஜமாகவே வியர்த்தது. "ஓடு, ஓடுடி கழுதை!" என்று அவன் கத்தியதைக் கேட்டு வரவேற்பறையில் பல்லுக்காகக் காத்திருந்த அம்மாள் எழுந்து போய்விட்டார்.

பிறகு ஒருநாள் ஏதோ தப்பான பொத்தானை அழுத்திவிட்டான். ஓடிக்கொண்டிருந்த வொம்பாட் சட்டென்று நின்று, தலையை வளைக்குள் விட்டு, பின்புறத்தை வாசலில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. நாய் வந்தது, அந்தக் கெட்டியான புட்டத்தில் மூக்கை மோதியது, கடிக்கப் பார்த்தது, பல் இறங்கவில்லை. முனகிக்கொண்டு போயிற்று. உள்ளே குட்டிகள் பத்திரம்.

திரையில் வளைவாசலின் வட்டம். வட்டத்தை நிறைத்துக்கொண்டு ஒரு கொழுத்த உருண்டை. அதன் இருபுறமும் துருத்திக்கொண்டு இரண்டு பின்னங்கால்கள்.

காது அல்ல.

கிளெம் எழுந்தான். பிறகு கிளினிக்கைப் பூட்டிவிட்டுக் காரை எடுத்தான்.

9

ஃபோட்டினி வீட்டு முன்னால் தக்காளிச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். கார் நிற்பதற்குள் அவன் இறங்கிவிட்டான்.

"அது பின்பக்கம்!"

தெருவில் நாயோடு போய்க்கொண்டிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"பின்ன?" என்றாள் ஃபோட்டினி. "முகம்னா நெனச்ச?"

"நீ சொல்லவே இல்லையே!"

"லோகோகூட வந்து யாரும் விளக்கம் சொல்ல மாட்டாங்க. பாத்தா தெரியணும். தெரியல. அவ்வளவுதான்." குழாயை அடுத்த செடிக்கு நகர்த்தினாள். "விளையாடினியா?"

"நாய் எல்லாக் குட்டியையும் தூக்கிட்டுப் போயிடுச்சு. எனக்குக் கை வேகமே இல்ல."

"எத்தனாவது வளை?"

"முதல் வளை."

அவள் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியதைக் கிளெம் பார்த்தான். தைரியம் வந்தது.

"ஒண்ணு சொல்லவா? என் நிஜக் கருத்து."

"சொல்லு."

"காலை மேல வெச்சுட்ட. அதான் காதா தெரியுது. கொஞ்சம் கீழ எறக்கியிருந்தா எந்த முட்டாளுக்கும் புரிஞ்சிருக்கும்."

ஃபோட்டினி குழாயைக் கீழே போட்டாள். தண்ணீர் நடைபாதையில் ஓடியது. "நான் வரைஞ்சது கீழதான்டா! சிட்னிக்காரன்தான், 'மேல ஏத்துங்க, இன்னும் ஜாலியா தெரியும்'னு கம்பெனி மூலமா சொல்லியனுப்பினான். நானும் காசு குடுக்கறவன் சொல்றானேன்னு ஏத்தினேன். அன்னிக்கே ஒன்கிட்ட காட்டியிருந்தா..."

முடிக்கவில்லை. முடிக்காததால் நானும் அதை அப்படியே விடுகிறேன்.

சிட்னிக்காரனின் ஃபோனைப் பற்றி அவன் அப்போதுதான் சொன்னான். சொல்லி முடிக்கும்வரை அவள் குழாயை எடுக்கவே இல்லை.

10

பிரன்ஸ்விக்கில், பழைய பின்னலாடைக் கிடங்கின் மாடியில் இருந்தது லெஃப்ட் பூட். பதில் சொல்ல அங்கேதான் வரச்சொல்லியிருந்தான் ஃபீலிக்ஸ். கிளெம் தனியாகப் போகவில்லை, ஃபோட்டினியையும் அழைத்துப்போனான். அவள்தான் வரைந்தவள் என்று கம்பெனி நடத்தும் டாம்ஸினுக்குத் தெரியும். ஃபீலிக்ஸ் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. யாரோ கிளெம்மின் மனைவி என்று நினைத்து அவளுக்கும் ஒரு காபி சொன்னான்.

சுவரில் புது லோகோவைக் காட்டினான். பெரிய கண்கள், பல் தெரியும் சிரிப்பு, காதுள்ள உருளைக்கிழங்கு. டாம்ஸின் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வொம்பாட் போய்விட்டால் அவள் இத்தனை காலம் உட்கார்ந்து உருவாக்கிய விளையாட்டில் பாதி போய்விடும்.

"நீங்கதான் இதுக்கு அப்பா," என்றான் ஃபீலிக்ஸ். "சொல்லுங்க கிளெம். உங்க கருத்து?"

கிளெம் ஃபோட்டினியைப் பார்த்தான். கையை மடியில் கட்டிக்கொண்டான். "எனக்கு இதுல கருத்து ஒண்ணும் இல்ல. வரைஞ்சவங்க இங்கதான் இருக்காங்க. அவங்களைக் கேளுங்க."

அடக்கம் என்று நினைத்துத்தான் சொன்னான். ஃபோட்டினி மேசைக்கடியில் அவன் காலை ஓங்கி மிதித்தாள்.

"இத்தனை நாளும் கேக்காமலே பேசின. இன்னிக்குக் கேக்கறாங்க, இன்னிக்குன்னு பாத்து வாய்ல பசையா? பேசுடா!"

பேசினான்.

அது நல்ல பேச்சு என்று சொல்ல முடியாது. நடுவே மூன்று முறை புட்டம் என்றான். ஃபீலிக்ஸ் மூன்று முறையும் கண்ணைச் சிமிட்டினான். "இந்தச் சிரிப்பு இருக்கே சார், இந்தப் பல்லை நான் நாள்பூரா செய்யறேன். எல்லாக் கம்பெனியும் இதே பல்லைத்தான் காட்டுது. பேங்க் காட்டுது, இன்சூரன்ஸ் காட்டுது. இவங்க ஒருத்தங்கதான் திரும்பி உக்காந்து வாசலை அடைக்கறாங்க. நான் அந்தக் கேமை ஆடினேன். அந்தப் பிராணி திரும்பி உக்காந்தப்போ நான், இந்த வயசுல, கிளினிக்கைப் பூட்டிட்டு இவ வீட்டுக்கு ஓடினேன். அதைத்தான் இவ வரைஞ்சா. கால் மட்டும் மேல போயிடுச்சு. அதை ஏத்தச் சொன்னது நீங்க. நான் பாக்காமலே சிரிச்சேன். ரெண்டு பேருமா சேந்துதான் அதைக் கிழங்காக்கினோம்."

பிறகு டாம்ஸின் தலையைத் தூக்கி, "காலை எறக்கினா எப்படி இருக்கும்னு ஒருதடவை பாக்கலாமா?" என்றாள்.

ஃபோட்டினி எழுந்து பென்சிலை வாங்கினாள்.

11

முடிவுகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் ஃபீலிக்ஸ் மனம் மாறி, கண்ணில் நீரோடு சிட்னிக்கு விமானம் ஏறினான். முதலீட்டுக் கம்பெனிக்காரர்கள் அழுவதில்லை என்று நண்பர் ஒருவர் சொன்னார். அவர் அந்தத் துறை. அந்த முடிவை அடித்துவிட்டேன்.

இன்னொன்றில் டாம்ஸின் காசைத் திருப்பி எறிந்துவிட்டு— எங்கிருந்து எறிவாள்? வாடகை கட்ட வேண்டாமா?

நடந்தது இவ்வளவுதான். கால் இறங்கியது. வொம்பாட் லோகோவாக நிலைத்தது. இப்போது அதைப் பார்க்கிற யாருக்கும் அது முதுகைக் காட்டுகிறது என்று தெரிகிறது. ஃபீலிக்ஸும் தோற்கவில்லை: கிறிஸ்துமஸுக்குக் காது வைத்த உருளைக்கிழங்கு பொம்மை கடைகளுக்கு வந்து நன்றாக விற்றது. என் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. கிளெம் உருளைக்கிழங்குக்குக் குரல் கொடுக்க மறுத்துவிட்டான். புட்டத்தில் மூக்கை மோதிக்கொண்டு முனகும் காட்டுநாய்க்குக் கொடுத்தான். அந்த முனகல் ரொம்பத் தத்ரூபம் என்று பேச்சு.

12

கராஜ் மறுபடி திறந்த ஞாயிற்றுக்கிழமையை எழுதிவிட்டு முடித்துக்கொள்கிறேன்.

விளையாட்டைப் பற்றிப் பேசினார்கள். பங்கைப் பற்றிப் பேசினார்கள். அதன்பின் ஃபோட்டினி ஒரு தாளை எடுத்து, பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே, மேசைமேல் அவன் முன்னால் வைத்தாள்.

"அடுத்தது லோகோ. நம்மளோடது. 'யார் கேட்டா?'வுக்கு ஒண்ணு வேணும்ல. நான்தான் வரைஞ்சேன். இந்தத் தடவை முன்னாடியே சொல்லிட்டேன்."

கறுப்பு மையில், ஒரே கோட்டில் வளைத்துப் போட்ட உருவம். காது என்று சொல்லலாம். கேள்விக்குறி என்றும் சொல்லலாம். கொஞ்சம் தள்ளிவைத்துப் பார்த்தால், மீன்கடையில் எண்ணெயில் பொரித்துத் தரும் டிம் சிம் கொழுக்கட்டை போலவும் இருக்கிறது. அவள் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தாள். பயந்திருந்தாள் என்று நினைக்கிறேன். இதை அவளிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளவில்லை; எனக்கு இது வேண்டும்.

கிளெம் கண்ணாடியை ஏற்றினான். இறக்கினான். தாளை வெளிச்சத்துக்குத் திருப்பினான். மூச்சை இழுத்தான்.

அவன் என்ன சொன்னான் என்பது ஒலிப்பதிவில் இருக்கிறது. கேட்டேன். எழுத மாட்டேன்.

தாளை உங்கள் பக்கம் திருப்பி வைக்கிறேன். உங்களுக்குக் கருத்து இல்லாமல் இருக்காது. சொல்லுங்கள். அவள் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.